கார்ட்டூன்காரர் ஆரம்பித்து வைத்த வாத்துப் படிப்பு

தபால்தலை சேர்க்கிற கிறுக்கு உள்ளவங்களுக்கு அமெரிக்காவின் 'வாத்து ஸ்டாம்ப்' பத்தித் தெரிஞ்சிருக்கும். பேருதான் ஸ்டாம்ப்பு, கடிதத்தில் ஒட்டி அனுப்ப முடியாது. காட்டு வாத்து சுடப் போகிறவர் அந்த வருஷத்து ஸ்டாம்ப்பை வாங்கியிருக்கணும். 1934இல் முதல் ஸ்டாம்ப் வந்தபோது விலை ஒரு டாலர். முதல் வருஷமே ஆறு லட்சத்துக்கும் மேல் வித்தது. அந்தக் காசில் சதுப்பு நிலம் வாங்கி வாத்துக்கு விட்டாங்க.

அந்த முதல் ஸ்டாம்ப்பில் ரெண்டு மல்லார்டு வாத்து தண்ணியில் இறங்கும். படத்தை வரைந்தவர் ஓவியப் போட்டியில் ஜெயிச்சவர் இல்லை. அந்தத் துறைக்கே தலைவர்! சலவைக்குப் போய் வந்த சட்டை மடிப்புக்குள்ள ஒரு அட்டை வைப்பாங்களே, அதில் அவசரமா கிறுக்கிக் கொடுத்ததுன்னு சொல்வாங்க. பேர் ஜே நார்வுட் டார்லிங். ஊர் அறிந்த பேர் 'டிங்' டார்லிங்.

ஸ்டாம்ப் கதையை நிறைய பேர் எழுதியாச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மனுஷன் அயோவா மாநிலத்தில் செய்த ஒரு காரியம் இருக்கு. அதைப் பத்தி அமெரிக்காவிலேயே அந்தத் துறைக்கு வெளியே அதிகம் பேசுறதில்லை. என்னைக் கேட்டா ஸ்டாம்ப்பை விட அதுதான் பெரிய காரியம். மீன், காட்டு விலங்கு, பறவை இதையெல்லாம் நிர்வாகம் பண்றதுக்குன்னு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஆராய்ச்சி, அதையும் மூணு பேர் கூட்டு சேர்ந்து நடத்துறது. 'கூட்டுறவு ஆராய்ச்சி அலகு'ன்னு பேர். கேட்டாலே கொட்டாவி வருதா? கொஞ்சம் பொறுங்க மக்களே, உள்ளே வாத்து, ஆந்தை, கரடி, புலி எல்லாம் இருக்கு :-)

டார்லிங் படிச்சது உயிரியல். பெலாய்ட் கல்லூரியில் படிக்கும்போது வாத்தியார்களைக் கேலிச்சித்திரம் போட்டு ஒரு வருஷம் வெளியே அனுப்பப்பட்டவர். பிறகு பத்திரிகைக்குப் போனார். 1906இல் டெ மாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையில் சேர்ந்து, நடுவில் சில காலம் நியூயார்க் போய் வந்ததைத் தவிர அங்கேயே கார்ட்டூன் போட்டார். 1924லும் 1943லும் புலிட்சர் பரிசு. அவர் கார்ட்டூன் நாடு முழுக்க பல பத்திரிகைகளில் வந்தது. அரசியலில் குடியரசுக் கட்சி ஆள், ரூஸ்வெல்ட்டை விடாம கிண்டல் பண்ணினவர். கூடவே விடாத வாத்து வேட்டைக்காரர்.

வேட்டைக்காரருக்கு வாத்து மேல் என்ன அக்கறைன்னு நமக்குத் தோணும். வருஷா வருஷம் அதே குளத்தங்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தானே வாத்து குறையறது முதலில் தெரியும்? அயோவாவில் நடந்தது அதுதான். பனிக்காலப் பெரும்பனி உருகினபோது உண்டான ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பள்ளங்கள், குட்டைகள், சதுப்புகள் கொண்ட பூமி அது. விவசாயிகள் வயலுக்கு அடியில் சுட்ட மண்குழாய் பதிச்சு, தண்ணியை வடிச்சு ஓடையில் விட்டு, சோளக் காடு ஆக்கிட்டாங்க. மண்ணு கறுப்புத் தங்கம், விளைச்சல் அமோகம். வாத்து மட்டும் எங்கே முட்டை இடும்? மேலே 1930களின் வறட்சி வேற. மிச்சமிருந்த குட்டையும் காய்ஞ்சு போச்சு.

1931இல் அயோவா ஒரு மீன், வேட்டை ஆணையம் அமைத்தது. டார்லிங் அதில் உறுப்பினர். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. ஒரு சதுரமைல் வயலில் எத்தனை காடை பிழைக்கும்? வாத்துக் கூட்டில் எத்தனை முட்டை பொரியும்? ஆந்தையைச் சுட்டால் காடை கூடுமா? அவனவன் அப்பா சொன்னதை வைத்து சட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ரேஞ்சர் வேலை அப்ப நாடு முழுக்கவே பெரும்பாலும் கட்சிக்காரனுக்குக் கொடுக்கிற வேலை. எண்ணிக்கை குறைஞ்சா பண்ணையில் பறவை வளர்த்து அவிழ்த்து விடுவாங்க, அது நாலு நாளில் செத்துப் போகும். தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதான்.

1932இல் டார்லிங் ஏம்ஸ் ஊரில் இருக்கும் அயோவா மாநிலக் கல்லூரிக்குப் போய் ஒரு பேரம் பேசினார். கல்லூரி ஒரு பங்கு போடணும், ஆணையம் ஒரு பங்கு, மூணாவது பங்கு என் சொந்தக் காசு. மூணு வருஷத்துக்கு அவர் ஒப்புக்கொண்டது 9,000 டாலர். ஊரே வேலை இல்லாமல் தெருவில் நின்ற பெருமந்த காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் காட்டுப் பறவை ஆராய்ச்சிக்குத் தன் கைக்காசைப் போடுறார். நம்ம ஊரில் பத்திரிகைக்காரங்க சொந்தக் காசில் டீயே குடிக்க மாட்டாங்கன்னு ஒரு நண்பர் சொல்வார், சரி அது நமக்கெதுக்கு.

ஏன் கல்லூரிக்குப் போனார் என்பது முக்கியம். அமெரிக்காவில் 1862லேயே ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை வித்த காசில் விவசாயமும் தொழிலும் சொல்லித்தரக் கல்லூரி கட்டணும். அப்படிப் பிறந்த 'நிலக்கொடைக் கல்லூரி'தான் ஏம்ஸ் கல்லூரி. பன்றிக்கு என்ன தீவனம், சோளத்துக்கு என்ன உரம்னு ஆராய்ச்சி பண்ணி, பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, விவசாயி வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்கிற பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பன்றிக்குப் பண்றதை காடைக்கும் பண்ணுங்களேன் என்பதுதான் டார்லிங் கேட்டது.

இன்னொரு விஷயம், அந்த நாட்டுச் சட்டம். மான், காடை மாதிரி அந்தந்த மாநிலத்தில் வாழ்கிற பிராணிகள் மாநிலத்தின் பொறுப்பு. வாத்து மாதிரி எல்லை தாண்டிப் பறக்கிறது 1918 சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் பொறுப்பு. 'எங்க மாநிலத்துப் பறவை, டெல்லிக்கு என்ன வேலை' என்கிற மாதிரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1920இல் மத்திய அரசு ஜெயித்தது. ஆக ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிற இடம் அது. நடுவில் ஒரு கல்லூரி இருந்தால் ரெண்டு பேரும் அங்கே வந்து உட்காரலாம்.

1934 ஜனவரியில் ரூஸ்வெல்ட் வாத்துப் பிரச்சினையை ஆராய மூணு பேர் குழு போட்டார். பத்திரிகை ஆசிரியர் தாமஸ் பெக், டார்லிங், ஆல்டோ லியோபோல்ட். அதே மார்ச்சில், தன்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த டார்லிங்கையே கூப்பிட்டு உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவர் ஆக்கினார். 'நீதான் நல்லா பேசுறியே, வந்து செஞ்சு காட்டு' கதை. டார்லிங் அங்கே இருந்தது இருபது மாசம்தான், 1935 நவம்பரில் கிளம்பிட்டார். அந்த இருபது மாசத்துக்குள் நடந்தது கொஞ்சநஞ்சமில்லை.

சாம்பிளுக்கு ஒண்ணு. சரணாலயம் வாங்கப் பணம் வேணும். தெற்கு டகோட்டா செனட்டர் பீட்டர் நார்பெக் அவையில் எழுந்து, பொய்ப்பல்லைக் கழட்டி வைத்துவிட்டு, தன் ஸ்காண்டிநேவிய உச்சரிப்பில் ஏதோ முணுமுணுத்து, 60 லட்சம் டாலருக்கு ஒரு திருத்தம் கேட்டாராம். யாருக்கும் ஒரு வார்த்தை புரியலை. ஆட்சேபணை இல்லைன்னு நிறைவேறிப் போச்சு. டார்லிங் பின்னால் சொல்லிச் சிரித்த கதை இது. பல்லு விஷயத்தில் எவ்வளவு மசாலாவோ, பணம் வந்தது நிஜம்.

சரி, நம்ம படிப்புக்கு வருவோம். அயோவாவில் செய்ததை நாடு முழுக்கச் செய்யணும்னு டார்லிங்குக்கு ஆசை. அரசாங்கக் கஜானாவில் துட்டு இல்லை. 1935 ஏப்ரலில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஒரு விருந்து. வந்தவர்கள் யாருன்னு பாருங்க: டூபாண்ட், ஹெர்குலிஸ் பவுடர், ரெமிங்டன் ஆர்ம்ஸ். வெடிமருந்தும் துப்பாக்கியும் செய்கிற கம்பெனிகளின் பெரிய தலைகள். டார்லிங் சொன்னது ரொம்ப எளிமை. பறவை இல்லைன்னா உங்க தோட்டாவை எவன் வாங்குவான்? காசு கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணத்தை வைத்து அமெரிக்க வனஉயிர் நிறுவனம்னு ஒண்ணு உருவாச்சு. 1946இல் அது வனஉயிர் மேலாண்மை நிறுவனம்னு ஆனது. இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

1935லேயே ஒன்பது மாநிலங்களில் அலகுகள் வந்தன. அலபாமா, கனெக்டிகட், அயோவா, மெய்ன், ஒஹையோ, ஓரிகன், டெக்ஸாஸ், யூட்டா, விர்ஜீனியா. ஏற்பாடு இப்படி. அலகின் தலைவர் மத்திய அரசு விஞ்ஞானி, சம்பளம் மத்திய அரசு. அவர் உட்கார்ந்திருக்கிறது பல்கலைக்கழகத்தில், அங்கே பேராசிரியர் மாதிரி வகுப்பெடுப்பார், முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டுவார். இடம், ஆய்வகம், நூலகம், பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பங்கு. 'எங்க மாநிலத்தில் வான்கோழி ஏன் குறையுது' மாதிரி கேள்வியும் அதுக்குண்டான செலவும் மாநிலத் துறையின் பங்கு. நாலாவதா மேலே சொன்ன நிறுவனம். காட்டில் நடந்து வேலை செய்கிறது மாணவர்கள். பட்டம் வாங்கினதும் அவங்களே மாநிலத் துறைக்கு வேலைக்குப் போவாங்க, கட்சிக்காரன் உட்கார்ந்த நாற்காலியில் படிச்சவன் உட்காருவான்.

இப்ப நியாயமா ஒரு சந்தேகம் வரணும். மருந்துக் கம்பெனி காசில் நடக்கிற மருந்து ஆராய்ச்சியை நாம நம்புவோமா? தோட்டா கம்பெனி காசில் நடக்கிற பறவை ஆராய்ச்சியை மட்டும் எப்படி நம்புறது? இந்தக் கேள்விக்குத்தான் அயோவாவின் முதல் ஆள் பால் எரிங்டனைப் பத்திச் சொல்லணும். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

எரிங்டன் 1902இல் தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். சின்ன வயசில் போலியோ. கால் பலப்படணும்னு சதுப்பில் சுத்த ஆரம்பித்து, பொறி வைத்து மிங்க், மஸ்க்ராட் பிடித்து, தோல் விற்று, அந்தக் காசில் படித்தவர். மஸ்க்ராட் என்பது பெருச்சாளி சைஸில் சதுப்புத் தண்ணியில் வாழ்கிற ஒரு பிராணி, நாணல் அறுத்து வீடு கட்டும். மிங்க் அதைத் தின்கிற, கீரி மாதிரி நீளமான உடம்புக்காரன். விஸ்கான்சினில் காடைகளைப் பத்தி ஆராய்ச்சி செய்து 1932இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கொடுத்ததே துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் சங்கம்தான். அதே வருஷம் ஏம்ஸுக்கு வந்தார்.

அன்றைய வேட்டைக்காரர் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஆந்தை, பருந்து, நரி, இதெல்லாம் நம்ம பறவையைத் திருடுற கள்ளப்பயலுக, இதைச் சுட்டா அது நமக்கு. பல மாநிலங்கள் ஆந்தைத் தலைக்கும் பருந்துக் காலுக்கும் சன்மானம் கொடுத்தன. டார்லிங் தலைமை தாங்கின அதே உயிரியல் ஆய்வுத் துறை, மேற்குப் பக்கம் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் விஷம் வைக்கிற வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்துகொண்டிருந்தது. காசு கொடுத்தவங்க கேட்க விரும்பின பதில், 'ஆமா, ஆந்தையைச் சுடுங்க'.

எரிங்டன் குளிர்காலம் முழுக்கப் பனியில் நடந்தார். காடைக் கூட்டங்களை ஒவ்வொரு வயலா எண்ணினார், திரும்பத் திரும்ப எண்ணினார். கொம்பு ஆந்தை தின்றதில் செரிக்காத எலும்பையும் இறகையும் உருண்டையா கக்கும். அந்த உருண்டைகளை ஆயிரக்கணக்கில் பொறுக்கி, பிரித்து, எலும்பு எலும்பா அடையாளம் பார்த்தார். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. ஒரு வயல் குளிர்காலத்தைத் தாண்டி இத்தனை காடையைத்தான் காப்பாத்தும், அது அந்த வயலின் புதர், தீனி, மறைவிடம் எவ்வளவுன்றதைப் பொறுத்தது. இலையுதிர் காலத்தில் நூறு காடை இருந்தாலும் இருநூறு இருந்தாலும் வசந்தத்தில் மிஞ்சுறது ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஆந்தை தின்னது பெரும்பாலும் இடம் கிடைக்காத மிச்சத்தை.

தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூர்ல ரயில் ஏறினவங்களுக்கு இது சட்டுனு புரியும். சீட் கிடைச்சவன் உள்ளே, கிடைக்காதவன் படியில். ஆந்தை படியில் தொங்குறவனைப் பிடிக்குது. ஆந்தையைக் கொன்னுட்டா படியில் தொங்குறவன் பிழைப்பானா? குளிர் எடுத்துக்கும், பட்டினி எடுத்துக்கும், வேற நோய் எடுத்துக்கும். இன்னும் நாலு காடை வேணும்னா பெட்டியில் சீட்டைக் கூட்டணும். அதாவது வயல் ஓரத்துப் புதரை வெட்டாம விடணும்.

பிறகு முப்பது வருஷம் இதையே மஸ்க்ராட்டிலும் மிங்க்கிலும் பார்த்தார். அங்கேயும் அதேதான். சொந்த எல்லை பிடித்து வீடு கட்டின மஸ்க்ராட்டை மிங்க்கால் சுலபமா பிடிக்க முடியறதில்லை. வறட்சியில் குட்டை வத்தி அலைகிறது, சண்டையில் தோற்று விரட்டப்பட்டது, அடிபட்டது, இதுதான் மாட்டுது. பிற்பாடு வந்த விஞ்ஞானிகள் இது எல்லா இடத்துக்கும், எல்லாப் பிராணிக்கும் பொருந்தாதுன்னு காட்டியிருக்காங்க. சில இடங்களில் தின்கிற பிராணியை நீக்கினால் எண்ணிக்கை நிஜமாகவே கூடுது. ஆனால் 'கள்ளப்பயலைச் சுடு' என்கிற கண்மூடித்தனத்தை எண்ணிக்கை வைத்துக் கேள்வி கேட்டவர்களில் அவர் முன்வரிசைக்காரர். அந்த விடையைத் தோட்டா சங்கத்தின் காசில் கண்டுபிடித்து, தோட்டா வாங்குறவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னார்.

எப்படி முடிஞ்சது? அவர் நேர்மை ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொரு காரணம் அந்த மூணு பங்கு ஏற்பாடுன்னு நான் நினைக்கிறேன். கம்பெனிக்குப் பிடிக்கலைன்னா கல்லூரி இருக்கு. மாநிலத்துக்குப் பிடிக்கலைன்னா மத்திய அரசு இருக்கு. எந்த ஒருத்தரும் தனியா கழுத்தைப் பிடிக்க முடியாது. 1935இல் அலகுப் பொறுப்பு வாத்து ஆராய்ச்சியாளர் லோகன் பென்னெட் கைக்குப் போனபோது, எரிங்டன் அதே கல்லூரியில் பேராசிரியராகத் தொடர்ந்தார். கடைசி வரை அங்கேயேதான். டார்லிங் 1962 பிப்ரவரியில் போனார், எரிங்டன் அதே வருஷம் நவம்பரில்.

அங்கே படித்தவர்களில் ஃபிரெடரிக், ஃபிரான்சஸ் ஹேமர்ஸ்ட்ராம் தம்பதி பேரைச் சொல்லியே ஆகணும். கொம்பு ஆந்தை பத்தி 1940இல் வந்த பெரிய ஆய்வறிக்கையில் ஃபிரெடரிக்கும் ஒரு ஆசிரியர். ஃபிரான்சஸ் பிறகு விஸ்கான்சின் போய் லியோபோல்டிடம் முதுகலை முடித்தார். அவரிடம் பட்டம் வாங்கின ஒரே பெண். ரெண்டு பேரும் விஸ்கான்சினில் புல்வெளிக் கோழியைக் காப்பாத்துறதில் வாழ்க்கையைக் கழிச்சாங்க.

பண விஷயம் 1937இல் ஒரு நிலைக்கு வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற கலால் வரியை மாநிலங்களின் வனஉயிர் வேலைக்கே பிரித்துக் கொடுக்கிற சட்டம் வந்தது. ஒரு கிடுக்கிப்பிடி நிபந்தனை: வேட்டை லைசென்ஸ் கட்டணத்தை ரோடு போட, பாலம் கட்டன்னு வேற எதுக்கும் திருப்பிய மாநிலத்துக்கு ஒரு பைசா கிடையாது. 1950இல் தூண்டில் சாமான்களுக்கும் இதே மாதிரி சட்டம். அலகுகளில் நடக்கிற மாநிலத் திட்டங்கள் பலதுக்கும் இந்தக் காசுதான் ஆதாரம்.

அலகுகள் இப்படியே கால் நூற்றாண்டு ஓடியபிறகு, 1960இல் தனிச் சட்டமே வந்தது. சில வருஷத்தில் மீனுக்குத் தனி அலகுகள். மீன் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளின் சால்மன் கதை. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்புற மீன் அது. நடுவில் வரிசையா அணைக்கட்டு. கடலுக்குப் போகிற குஞ்சுகளை டர்பைன் அடிக்காம இருக்க, ராணுவப் பொறியாளர் பிரிவு அதுகளைப் பிடித்து லாரியிலும் படகிலும் ஏற்றி அணைகளுக்குக் கீழே கொண்டுபோய் விட ஆரம்பித்தது. நிஜமாத்தான்! லாரியில் போகிற மீன்குஞ்சுக்கு என்ன ஆகும்? ஓரிகன் மீன் அலகில் கார்ல் ஷ்ரெக்கும் மாணவர்களும் ரத்தத்தில் கார்டிசால் அளந்து பார்த்தாங்க. மீனுக்கும் பதற்றம் உண்டு, எந்தக் கட்டத்தில் அதிகம், அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கு கிடைத்தது. எப்படி ஏற்றணும், எவ்வளவு நெருக்கி வைக்கலாம், எப்ப இறக்கணும் என்கிற பேச்சுக்கு அது அடிப்படை ஆச்சு.

பெரிய சண்டை நடந்தது மொன்டானா அலகில். 1952 முதல் 1977 வரை அதன் தலைவர் ஜான் கிரேய்ஹெட். அவரும் ஃபிராங்க்கும் இரட்டைப் பிறவிகள். இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாம போக மனசு வரலை. ரெண்டு பேரும் இளவயதில் வல்லூறு பழக்குறதில் பைத்தியம். அவங்க எழுதின கட்டுரையைப் படித்த பாவ்நகர் இளவரசர் தர்மகுமார்சிங்ஜி அழைத்து, 1940-41இல் இந்தியா வந்து அரண்மனை விருந்தாளியா தங்கி, வல்லூறு வேட்டையும் சிறுத்தை வைத்து மான் பிடிக்கிறதும் பார்த்து, நேஷனல் ஜியோகிராஃபிக்கில் 1942இல் எழுதினாங்க. அந்த இளவரசரின் அண்ணன்தான் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. 1948இல் நம்ம சென்னை மாகாணத்துக்கு கவர்னரா வந்தாரே, அவரேதான். உலகம் எவ்வளவு சின்னது பாருங்க.

சகோதரர்கள் 1959இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் கிரிஸ்லி கரடி ஆராய்ச்சி ஆரம்பித்தாங்க. 1961இல் ஒரு பெண் கரடிக்கு ரேடியோ பட்டை மாட்டினாங்க, பேரு மரியன். அதுவரை கரடி ராத்திரி எங்கே போகுது, குளிர்காலத்தில் எந்தக் குகையில் தூங்குதுன்னு யாரும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. அங்கே கரடிகள் பல தலைமுறையா பூங்காவின் குப்பைமேட்டில் சாப்பிட்டுப் பழகினவை. 1960களின் கடைசியில் பூங்கா நிர்வாகம் குப்பைமேடுகளை மூட முடிவு பண்ணினது. இயற்கையாக வாழட்டும், நல்ல நோக்கம்தான். கிரேய்ஹெட் சகோதரர்கள் சொன்னது: மூடுங்க, ஆனா படிப்படியா மூடுங்க. ஒரேயடியா மூடினா பசியில் முகாம்களுக்குள் வரும், நீங்களே சுட வேண்டி வரும்.

நிர்வாகம் கேட்கலை. சடசடன்னு மூடிட்டாங்க. கரடிகள் முகாம்களுக்கும் ஊர்களுக்கும் வந்தன, ஏகப்பட்டது செத்தது. 1971இல் ஆராய்ச்சி நின்னது. தொடரணும்னா எதை வெளியிடும் முன்பும், யாரிடம் பேசும் முன்பும் பூங்காவின் அனுமதி வாங்கணும் என்கிற ஷரத்தில் கையெழுத்துப் போட மாட்டோம்னு அவங்க சொன்னதுதான் காரணம். பன்னிரண்டு வருஷ உழைப்பைக் கையெழுத்துக்காக விட்டுக்கொடுக்கலாமான்னு கேட்கலாம். கையெழுத்துப் போட்டிருந்தா அந்தப் பன்னிரண்டு வருஷ எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? 1975இல் கீழ்ப்பகுதி 48 மாநிலங்களின் கிரிஸ்லி, அழிவை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் ஏறியது. அதுக்கான வாதங்களில் இவங்க சேர்த்த கணக்குக்குப் பெரிய பங்கு. பூங்காவில் வேலை போச்சே தவிர, அலகுத் தலைவர் நாற்காலியில் ஜான் 1977 வரை இருந்தார். மூணு கால் முக்காலி அவரையும் தாங்கியது.

ஜானின் மாணவர் மாரிஸ் ஹார்னாக்கர். 1964இல் ஐடஹோ மலைகளில் பூமா ஆராய்ச்சி தொடங்கி, 1968 முதல் 1985 வரை ஐடஹோ அலகின் தலைவர். நாய் விட்டு பூமாவை மரத்தில் ஏற்றி, மயக்க ஊசி போட்டு, தானும் மரமேறி இறக்கி, அடையாளம் போட்டு விடுவது. மானையும் எல்க்கையும் பூமா தீர்த்துடும் என்கிற பழைய பாட்டுக்கு எரிங்டன் மாதிரியே எண்ணிக்கையில் பதில் சொன்னார். தன் எல்லைக்குள் எத்தனை பேர் இருக்கலாம்னு பூமாவே ஒழுங்குபடுத்திக்குது, மான்கூட்டம் அதனால் குறையலைன்னு. கண்ட இடத்தில் சுடலாம் என்றிருந்த பூமாவை 1972இல் ஐடஹோ வேட்டை விதிகளுக்குள் கொண்டுவந்தது.

அந்த ஐடஹோ வேலையில் முனைவர் பட்டம் வாங்கின ஜான் சீடன்ஸ்டிக்கர்தான் 1970களின் முற்பகுதியில் நேபாளத்தின் சித்வனுக்குப் போய், கீர்த்தி மான் தமாங்கோடு சேர்ந்து காட்டுப் புலிகளுக்கு முதன்முதலா ரேடியோ பட்டை மாட்டினவர். அதே சித்வனில் பின்னால் வேலை செய்த மெல் சன்குவிஸ்ட், ஃபுளோரிடாவில் உல்லாஸ் கரந்தின் ஆசிரியர். 1990இல் நம்ம முதுமலைக்குப் பக்கத்தில், நாகரஹொளேயில் கரந்த் புலிகளுக்குப் பட்டை மாட்டினபோது, அயோவா பனியில் ஆந்தை உருண்டை பொறுக்கினதிலிருந்து வந்த ஒரு இழை அங்கேயும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் இந்த அலகுகளைத் துறை விட்டுத் துறை மாத்தினபடியே இருந்தாங்க. 1993இல் தேசிய உயிரியல் ஆய்வுன்னு புதுத் துறைக்கு, 1996இல் அங்கிருந்து புவியியல் ஆய்வுத் துறைக்கு. பாறையும் பூகம்பமும் பார்க்கிற ஆபீஸில் வாத்துக்கு ஒரு மேஜை :-) நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு அலகுகள் பரவிவிட்டன, மீனும் விலங்கும் ஒரே கூரையின் கீழ் வந்தாச்சு. 2025இல் அமெரிக்க அதிபரின் அலுவலகம் 2026 நிதியாண்டுக்கு வைத்த பட்ஜெட் திட்டம், புவியியல் ஆய்வுத் துறையில் இவை இருக்கும் சூழலியல் பிரிவையே அடியோடு எடுத்துவிடச் சொன்னது. எதிர்த்துக் குரல் கொடுத்தவங்களில் பல்கலைக்கழகங்கள் இருந்தன, மாநில மீன், வனஉயிர்த் துறைகள் இருந்தன, வேட்டைக்காரர், தூண்டில்காரர் அமைப்புகள் இருந்தன. கூடவே, ஞாபகம் வைக்கச் சொன்னேனே, 1935இல் வால்டார்ஃப் ஹோட்டல் விருந்தில் தோட்டா கம்பெனிகள் கொடுத்த காசில் பிறந்த அந்த வனஉயிர் மேலாண்மை நிறுவனமும்.